வாக்குறுதி எப்போது சட்டக் கடமையாகிறது? ஒப்பந்தம், டிரஸ்ட், வெறும் சொல் ஆகியவற்றைப் பிரித்தறியப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒருவர் நமக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு இப்போது நிறைவேற்ற மறுக்கிறார். அல்லது நாமே ஒன்றைச் சொல்லிவிட்டு அதிலிருந்து விலக முடியுமா என்று யோசிக்கிறோம். இரண்டு நிலைகளிலும் சட்டம் கேட்பது ஒன்றைத்தான்: அந்தச் சொல்லை நீதிமன்றத்தின் துணைகொண்டு நிறைவேற்றிக்கொள்ளும் உரிமை யாருக்காவது பிறந்திருக்கிறதா? புதிதாகச் சட்டம் படிப்பவர்கள் இதற்கு அவசரமாக இரண்டு விடைகளில் ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். மனமார்ந்து கொடுத்த வாக்கு எதுவானாலும் கட்டுப்படுத்தும் என்பது ஒன்று. கையெழுத்தும் முத்திரைத்தாளும் இல்லாத எதுவும் செல்லாது என்பது மற்றொன்று. இரண்டையும் நம்பி இழந்தவர்கள் ஏராளம் என்பதால், இரண்டும் தவறு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வாக்குறுதி தன்னளவில் கடமையாவதில்லை. அதனுடன் வேறொன்று சேரும்போதுதான் கடமையாகிறது. அப்படிச் சேரக்கூடியவை நான்கு: பதிலுக்குப் பெறும் மறுபயன், சட்டம் கேட்கும் வடிவில் அமைந்த பத்திரம், சொல்லை நம்பிச் செயல்பட்டவருக்கு ஏற்பட்ட பாதிப்பு, மற்றொருவருக்காக வைத்திருப்பதென்று ஏற்றுக்கொண்ட சொத்து, அதாவது டிரஸ்ட். இவற்றில் எது நம்மிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கான படிகளே கீழே உள்ளவை. இங்கிலாந்தில் நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்து இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா எனப் பரவிய பொதுச்சட்ட மரபையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன். மற்ற மரபுகள் வேறு வழியில் செல்லும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

முதற்படி: சொல்லப்பட்டதை, சொல்லப்பட்டபடியே எழுதிக்கொள்ளுங்கள்

யார், யாரிடம், எந்த நாளில், எந்த வழியில், எந்தச் சொற்களில் சொன்னார் என்பதைத் தாளில் எழுதுங்கள். நினைவில் இருப்பதன் சாரத்தை எழுதினால் போதாது, சொற்களே வேண்டும். "கொடுப்பேன்" என்பதும் "கொடுக்கலாம் என்றிருக்கிறேன்" என்பதும் பேச்சு வழக்கில் நெருக்கமாக ஒலித்தாலும், முன்னது வாக்குறுதி, பின்னது மனநிலையைத் தெரிவிப்பது மட்டுமே.

ஜமைக்காவிலிருந்து, பிரிட்டிஷ் காலனிகளுக்கான இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற ஹார்வி எதிர் ஃபேசி (1893) வழக்கு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஒரு நிலத்தை விற்பீர்களா, குறைந்தபட்ச விலை என்ன என்று தந்தியில் கேட்டார்கள். உரிமையாளர் 900 பவுண்டு என்று விலையை மட்டும் பதிலாக அனுப்பினார். கேட்டவர்கள் உடனே "வாங்கிக்கொள்கிறோம்" என்று தந்தி கொடுத்தார்கள். ஒப்பந்தம் ஏற்படவில்லை என்பதே தீர்ப்பு. விலையைச் சொன்னவர் தகவல் தந்தாரே தவிர, விற்பதாக வாக்குக் கொடுக்கவில்லை.

எழுதியதைப் படிக்கும்போது, அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு நீதிபதியால் குறிப்பான ஆணை பிறப்பிக்க முடியுமா என்றும் பாருங்கள். எந்தப் பொருள், எவ்வளவு, எப்போது என்பவை தெரியாவிட்டால் முடியாது. "நல்லெண்ணத்துடன் பேச்சுவார்த்தை நடத்துவோம்" என்ற உடன்பாட்டை அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் சபை வால்ஃபோர்டு எதிர் மைல்ஸ் (1992) வழக்கில் கட்டுப்படுத்தாதது என்று தள்ளியது. பின்னர் ஒத்துக்கொள்வோம் என்று இன்று ஒத்துக்கொள்வதில் கடமை எதுவும் பிறப்பதில்லை.

இரண்டாம் படி: சட்டத்தால் கட்டுப்படும் நோக்கம் இருந்ததா என்று பாருங்கள்

ஒருவருடைய உள்மனத்தை நீதிமன்றம் தேடுவதில்லை. அவருடைய சொல்லையும் செயலையும் வெளியிலிருந்து பார்க்கும் நியாயமான ஒருவர் என்ன புரிந்துகொண்டிருப்பார் என்பதே அளவுகோல். "நான் அப்படி நினைக்கவில்லை" என்று பின்னால் சொல்வது பெரும்பாலும் எடுபடாமல் போவது இதனால்தான்.

குடும்பத்துக்குள் நடக்கும் ஏற்பாடுகளில் இந்த நோக்கம் இல்லை என்றும், வணிகத்தில் உண்டு என்றும் நீதிமன்றங்கள் அனுமானத்துடன் தொடங்குகின்றன. பால்ஃபர் எதிர் பால்ஃபர் (1919) வழக்கில், இலங்கையில் பணியாற்றிய கணவர், உடல்நலக் காரணமாக இங்கிலாந்திலேயே தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொன்னார். பின்னர் உறவு முறிந்தபோது மனைவி தொடுத்த வழக்கு மேல்முறையீட்டில் தோற்றது. இணக்கமாக வாழும் தம்பதியர் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு நீதிமன்றத்துக்கு வருவதற்கானதல்ல என்றார்கள். மெரிட் எதிர் மெரிட் (1970) வழக்கில் கணவர் ஏற்கெனவே பிரிந்து சென்றிருந்தார். வீட்டுக் கடனை மனைவி அடைத்து முடித்ததும் வீட்டை அவர் பெயருக்கு மாற்றித் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டார். அது கட்டுப்படுத்தியது. உறவு அதேதான்; வாக்குக் கொடுக்கப்பட்ட சூழல் வேறு.

வணிக அனுமானத்தையும் தெளிவான சொற்களால் அகற்றலாம். ரோஸ் அண்ட் ஃபிராங்க் எதிர் கிராம்ப்டன் (1925) வழக்கில், இந்த ஏற்பாடு மானத்தின் பேரிலான உறுதி மட்டுமே, நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டதல்ல என்று இரு தரப்பும் எழுதியிருந்ததை நீதிமன்றம் அப்படியே மதித்தது. உங்கள் கையிலுள்ள தாளில் "முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை யாரையும் கட்டுப்படுத்தாது" என்பது போன்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். எத்தனை பக்கம் விவரமாக எழுதப்பட்டிருந்தாலும் அந்த ஒரு வரி அனைத்தையும் நிறுத்திவைக்கக்கூடும்.

மூன்றாம் படி: முன்மொழிவும் ஏற்பும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா?

ஒரு தரப்பு திட்டவட்டமாக முன்மொழிய வேண்டும். மறு தரப்பு அதை மாற்றமின்றி ஏற்க வேண்டும். அந்த ஏற்பு முன்மொழிந்தவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். கடிதங்களையும் குறுஞ்செய்திகளையும் நாள்வரிசையில் அடுக்கி ஒவ்வொன்றின் ஓரத்திலும் "முன்மொழிவு", "மாற்று முன்மொழிவு", "ஏற்பு", "விசாரிப்பு" என்று குறித்துக்கொண்டே வந்தால், பெரும்பாலான குழப்பங்கள் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

மாற்று முன்மொழிவு முதல் முன்மொழிவை அழித்துவிடுகிறது என்பதைப் பலர் மறக்கிறார்கள். ஹைட் எதிர் ரென்ச் (1840) வழக்கில் ஒரு பண்ணையை 1,000 பவுண்டுக்குத் தருவதாகச் சொன்னவரிடம், வாங்க விரும்பியவர் 950 பவுண்டு தருவதாகச் சொன்னார். அது மறுக்கப்பட்ட பிறகு 1,000 பவுண்டுக்கே ஒப்புக்கொள்வதாக எழுதினார். ஏற்பதற்கு அப்போது முன்மொழிவே இல்லை. பேரம் பேசும்போது பழைய விலையைக் கைவிட விருப்பமில்லையென்றால், குறைக்க இயலுமா என்று விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

மௌனம் ஏற்பாகாது. ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி (1862) வழக்கில் ஒருவர் தம் சகோதரரின் மகனுக்கு, பதில் வராவிட்டால் உன் குதிரை என்னுடையதென்று கொள்வேன் என்று எழுதினார். அந்த மகனும் மனத்தளவில் சம்மதித்தே இருந்தார். ஆனால் அதை எழுதியவருக்குச் சொல்லவில்லை. ஒப்பந்தம் பிறக்கவில்லை. "7 நாட்களுக்குள் மறுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கருதுவோம்" என்று யாராவது உங்களுக்கு எழுதினால் அச்சப்பட வேண்டாம் என்பதற்கு இத்தீர்ப்பு துணை நிற்கும். ஆயினும் அந்தப் பொருளைப் பயன்படுத்தத் தொடங்கினால் நிலைமை மாறிவிடும்; செயலும் ஏற்பாகலாம்.

செயலே ஏற்பானதற்கு மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனி வழக்கு. தங்கள் மருந்துக் கருவியைச் சொன்னபடி பயன்படுத்திய பிறகும் இன்ஃபுளுயன்ஸா கண்டவருக்கு 100 பவுண்டு வெகுமதி என்றும், தங்கள் நேர்மையைக் காட்ட 1,000 பவுண்டு வங்கியில் போட்டிருப்பதாகவும் நிறுவனம் 1891-இல் விளம்பரம் செய்தது. நாளுக்கு மூன்று முறை வீதம் பயன்படுத்திய பிறகும் நோய் கண்ட கார்லில் அம்மையாருக்குப் பணம் தர மறுத்தது. உலகத்துக்கே விடுக்கப்பட்ட முன்மொழிவு அது, நிபந்தனையை நிறைவேற்றியதே ஏற்பு, தனியே தெரிவிக்க வேண்டியதில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1892-இல் தீர்ப்பளித்தது. விளம்பரங்கள் பொதுவாக முன்மொழிவாகக் கருதப்படுவதில்லை. வங்கியில் போட்ட பணத்தைப் பற்றிய அந்த வரிதான் இந்த விளம்பரத்தை வெற்றுப் புகழ்ச்சியிலிருந்து பிரித்தது.

அஞ்சலில் அனுப்பும் ஏற்பு, தபாலில் சேர்த்த கணத்திலேயே முழுமையடைகிறது என்பது ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல் (1818) முதல் வரும் விதி. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் (1872) 4-ஆம் பிரிவு இதில் ஒரு நுணுக்கத்தைச் சேர்க்கிறது: அனுப்பிய கணத்தில் முன்மொழிந்தவர் கட்டுப்படுகிறார், ஏற்றவரோ அது முன்மொழிந்தவருக்குத் தெரியவரும்போதுதான் கட்டுப்படுகிறார். தொலைபேசி போன்ற உடனடித் தொடர்புகளில் ஏற்புச் சொல் காதில் விழுந்த இடத்தில்தான் ஒப்பந்தம் உருவாகிறது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1965-66 காலத்தில் பகவான்தாஸ் கேடியா வழக்கில் ஏற்றுக்கொண்டது. கனடாவின் சஸ்காட்செவனில் 2023-இல் வந்த தீர்ப்பு இன்னும் ஒரு படி சென்றது. ஆளி விதை வாங்குவதற்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்பியவருக்கு விவசாயி கட்டைவிரல் உயர்த்தும் சின்னத்தைப் பதிலாக அனுப்பினார். அவ்விருவரும் முன்பு பலமுறை சுருக்கமான செய்திகளாலேயே ஒப்பந்தம் முடித்திருந்ததால், அச்சின்னம் ஏற்பாகவும் கையெழுத்தாகவும் கொள்ளப்பட்டது. கைப்பேசி உரையாடல்களை அழித்துவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

நான்காம் படி: பதிலுக்கு என்ன கிடைத்தது?

பொதுச்சட்ட மரபின் தனி முத்திரை மறுபயன். வாக்குக் கொடுத்தவரின் வேண்டுகோளின்பேரில் மறு தரப்பு ஏதேனும் ஒன்றைச் செய்திருக்க வேண்டும், அல்லது செய்யாமல் விட்டிருக்க வேண்டும், அல்லது அப்படி வாக்களித்திருக்க வேண்டும். இதைக் கண்டறிய ஒரே கேள்வி போதும்: இந்த வாக்குறுதிக்கு விலையாகக் கேட்கப்பட்டது எது?

அந்த விலை ஈடான மதிப்புடையதாக இருக்க வேண்டியதில்லை. தாமஸ் எதிர் தாமஸ் (1842) வழக்கில், ஒரு விதவை வீட்டில் குடியிருக்க ஆண்டுக்கு 1 பவுண்டு தருவதும் பழுதுபார்த்து வைத்திருப்பதும் போதுமான மறுபயனாயின. பணமாக இருக்க வேண்டியதும் இல்லை. நியூயார்க்கின் ஹேமர் எதிர் சிட்வே (1891) வழக்கில், 21 வயதாகும்வரை மது, புகையிலை, வசைச்சொல், பணம் வைத்து ஆடும் சீட்டு, பில்லியர்ட்ஸ் ஆகியவற்றை விலக்கினால் 5,000 டாலர் தருவதாக ஒருவர் தம் சகோதரரின் மகனுக்கு வாக்களித்தார். மகனும் விலக்கினார். அவருக்கே நன்மை தந்த ஒழுக்கம் எப்படி விலையாகும் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. சட்டப்படி தனக்கிருந்த சுதந்திரத்தை அடுத்தவரின் வேண்டுகோளுக்காக விட்டுக்கொடுத்ததே மறுபயன் என்று நீதிமன்றம் சொன்னது.

விலை வாக்குறுதிக்கு முந்தியதாக இருந்துவிட்டால்தான் சிக்கல். ரோஸ்கார்லா எதிர் தாமஸ் (1842) வழக்கில் குதிரை விற்று முடிந்த பிறகு, அது சாதுவான குதிரை என்று விற்றவர் உறுதி கொடுத்தார், குதிரை அப்படியிருக்கவில்லை. உறுதிக்கு முன்பே விற்பனை முடிந்துவிட்டதால் அந்த உறுதி கட்டுப்படுத்தவில்லை. நன்றியுணர்ச்சியால் பிறக்கும் வாக்குறுதிகள் பலவும் இங்கேதான் விழுகின்றன. ஆண்டுக்கணக்கில் தன்னைக் கவனித்துக்கொண்டவருக்கு ஒருவர் "உனக்கு இதைத் தருவேன்" என்று சொன்னால், அந்தக் கவனிப்பு அவ்வாக்குறுதிக்கு விலையாகச் செய்யப்பட்டதல்ல. இந்த விதி பல சமயங்களில் இரக்கமற்றதாகத் தோன்றுகிறது என்பதே என் கருத்து. இந்தியச் சட்டம் இங்கே சற்று இளகியிருக்கிறது: ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, தனக்காக ஏற்கெனவே தானாக முன்வந்து ஒன்றைச் செய்தவருக்கு ஈடுசெய்வதாகத் தரும் வாக்குறுதி மறுபயனின்றியும் செல்லும்.

மறுபயனை யார் தர வேண்டும் என்பதிலும் நாடுகள் வேறுபடுகின்றன. இங்கிலாந்தில் வாக்குறுதியைப் பெற்றவரே தர வேண்டும். இந்தியச் சட்டத்தில் அவரோ "வேறு எவருமோ" தரலாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் சின்னய்யா எதிர் ராமய்யா (1882) தீர்ப்பு இதன் மூலம் புகழ்பெற்றது. மூதாட்டி ஒருவர் மகளுக்கு நிலத்தைத் தானமாகக் கொடுத்து, தம் உடன்பிறந்த தரப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தர வேண்டுமென்று கட்டளையிட்டார். மகளும் அப்படியே தருவதாக எழுதிக்கொடுத்தார். பின்னர் மறுத்தபோது, பெறுபவர்கள் தங்களிடமிருந்து எதுவும் தரவில்லையே என்ற வாதம் எடுபடவில்லை. தாயார் கொடுத்த நிலமே மறுபயன்.

கடன் வசூலில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியையும் இங்கேயே தீர்த்துவிடலாம். முழுக் கடனுக்குப் பதிலாக ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடுவதாகச் சொன்னால், பிறகு மீதியையும் கேட்க முடியுமா? இங்கிலாந்தில் ஃபோக்ஸ் எதிர் பியர் (1884) தீர்ப்பின்படி பொதுவாகக் கேட்கலாம், ஏனெனில் விட்டுக்கொடுத்ததற்கு விலை எதுவும் கிடைக்கவில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, கடன் கொடுத்தவர் மறுபயனின்றியே முழுவதையோ ஒரு பகுதியையோ விட்டுக்கொடுக்க அனுமதிக்கிறது. ஒரே செயலுக்கு இரு நாடுகளில் எதிரெதிர் விளைவு. எந்த நாட்டின் சட்டம் பொருந்தும் என்பதை முதலில் உறுதிசெய்யாமல் இணையத்தில் படித்த விதியை நம்பக் கூடாது.

சட்டத்தொகுப்புகளை அடிப்படையாகக் கொண்ட ஐரோப்பியக் குடிமைச் சட்ட மரபுக்கு மறுபயன் தேவையில்லை. இலங்கையிலும் ஒப்பந்தத்தின் பொது விதி ரோமன்-டச்சுச் சட்டத்திலிருந்து வருவதால், தீர்க்கமாகச் சிந்தித்து நியாயமான காரணத்துடன் கொடுத்த வாக்குறுதி மறுபயனின்றியே கட்டுப்படுத்தும். ஜயவிக்ரம எதிர் அமரசூரிய (1918) வழக்கில் பிரிவி கவுன்சில் இதை உறுதிப்படுத்தியது.

ஐந்தாம் படி: வடிவம் மீட்டுத் தருமா என்று பாருங்கள்

மறுபயன் இல்லையென்று கண்டால் சோர்ந்துவிட வேண்டாம். இங்கிலாந்தில், பத்திரமென்று தெளிவாகச் சொல்லி, சாட்சி முன்னிலையில் கையெழுத்திட்டு ஒப்படைத்த ஆவணம் மறுபயனின்றியே கட்டுப்படுத்தும். 1989-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தனிநபர்களுக்கு மெழுகு முத்திரையும் தேவையில்லை. ஜெர்மானியக் குடிமைச் சட்டத்தின் 518-ஆம் பிரிவு, தானம் தருவதான வாக்குறுதி நோட்டரி முன் பதிவானால்தான் செல்லும் என்கிறது. இந்தியாவில் 25-ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கு: நெருங்கிய உறவினர்களுக்கிடையே, இயல்பான அன்பின் காரணமாக, எழுத்தில் அமைந்து, பதிவு செய்யப்பட்ட உடன்பாடு மறுபயனின்றிச் செல்லும். இந்த நான்கும் சேர வேண்டும். கல்கத்தாவில் 1900-இல் தீர்ப்பான ராஜ்லக்கி தேபி வழக்கில் ஆவணம் பதிவாகியிருந்தது, உறவும் கணவன் மனைவி உறவு. ஆனால் அந்த ஆவணமே இருவருக்குமான சண்டைகளை விவரித்ததால், அன்பு எங்கே என்று கேட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது.

வடிவம் சில இடங்களில் கூடுதல் நிபந்தனையாகவும் வரும். நிலம் தொடர்பான ஒப்பந்தங்களுக்கு எழுத்துச் சான்று கேட்கும் வழக்கம் 1677-ஆம் ஆண்டின் இங்கிலாந்து மோசடித் தடுப்புச் சட்டத்திலிருந்து வருகிறது. நிலம், பிறர் கடனுக்கான உத்தரவாதம் ஆகிய இரண்டில் வாய்மொழியை ஒருபோதும் நம்பாதீர்கள். மற்ற பெரும்பாலான ஒப்பந்தங்கள் வாய்மொழியாகவே செல்லும். அவற்றில் எழுத்து தேவைப்படுவது நிரூபிப்பதற்கே.

ஆறாம் படி: சொல்லை நம்பி என்ன செய்தீர்கள்?

மறுபயனும் இல்லை, பத்திரமும் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லை நம்பி ஒருவர் தம் நிலையை மாற்றிக்கொண்டிருந்தால், சொன்னவர் பின்வாங்குவதை நீதிமன்றம் தடுக்கலாம். இதை வாக்குறுதி முரண்தடை என்பார்கள். இதன் நவீன வடிவம் 1947-இல் ஹை ட்ரீஸ் வழக்கில் நீதிபதி டென்னிங் எழுதிய தீர்ப்பிலிருந்து தொடங்குகிறது. உலகப் போர் காரணமாக லண்டனில் குடியிருப்புகள் காலியாகக் கிடந்தபோது, ஆண்டு வாடகை 2,500 பவுண்டை 1,250-ஆகக் குறைத்துக்கொள்ள உரிமையாளர் சம்மதித்திருந்தார். போர்ச் சூழல் நீங்கிய காலத்துக்கு முழு வாடகை கேட்கலாம். ஆனால் குறைத்த காலத்துக்குரிய மீதியைப் பின்னோக்கிக் கேட்க இயலாது என்றார் டென்னிங்.

எந்த நாட்டில் இந்தக் கோட்பாடு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் கவனித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் கோம்ப் எதிர் கோம்ப் (1951) தீர்ப்பின்படி இது தற்காப்புக்கானது. இதை மட்டும் வைத்துப் புதிதாக வழக்குத் தொடுக்க முடியாது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வால்டன்ஸ் ஸ்டோர்ஸ் எதிர் மாஹர் (1988) வழக்கில் அந்த எல்லையைத் தாண்டியது: ஒப்பந்தம் கையெழுத்தாகும் என்று நம்பவைக்கப்பட்ட மாஹர் தம்பதியர் பழைய கட்டடத்தை இடித்துப் புதியதைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள், வால்டன்ஸ் நிறுவனம் அதை அறிந்தும் பேசாமல் இருந்துவிட்டுப் பின்வாங்கியது. இந்திய உச்ச நீதிமன்றமும் மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை வழக்கில் (1978), வரிவிலக்கு தருவதாக அரசு கொடுத்த உறுதியை நம்பித் தொழிற்சாலை அமைத்தவருக்கு இதை வழக்குக்கே அடிப்படையாக ஏற்றது.

இங்கே நீங்கள் திரட்ட வேண்டியது செலவுச் சீட்டுகள், ராஜினாமாக் கடிதம், வேறு வாய்ப்புகளை மறுத்து எழுதிய பதில்கள் போன்றவை. அவற்றின் தேதி வாக்குறுதிக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். உங்கள் செயலை மறு தரப்பு அறிந்திருந்தது என்பதற்கும் சான்று இருந்தால் உங்கள் நிலை வலுப்படும்.

ஏழாம் படி: இது வாக்குறுதியா, டிரஸ்டா?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுவே என்பதால் சற்று நின்று பார்க்கலாம். "நான் உனக்கு இந்தச் சொத்தைத் தருவேன்" என்பது வருங்காலத்தைப் பற்றிய வாக்குறுதி. "இந்தச் சொத்தை இப்போதிலிருந்து உனக்காக வைத்திருக்கிறேன்" என்பது டிரஸ்ட். முன்னதற்கு மறுபயனோ பத்திரமோ வேண்டும். பின்னதற்கு இவ்விரண்டும் வேண்டாம். அறிவித்த கணத்திலேயே சொத்தின் பயன் மற்றவருக்குப் போய்விடுகிறது. சட்டப் பெயரளவில் உரிமையாளராக இருப்பவர் டிரஸ்டி ஆகிறார். பயனாளி அவர்மீது உரிமை பெறுகிறார்.

டிரஸ்ட் பிறக்க மூன்று உறுதிகள் வேண்டும் என்பது நைட் எதிர் நைட் (1840) வழக்கிலிருந்து வரும் வாய்பாடு: கட்டளையிடும் சொற்களில் உறுதி, சொத்து எதுவென்பதில் உறுதி, பயனாளிகள் யார் என்பதில் உறுதி. ஆகவே ஓர் உயிலையோ கடிதத்தையோ படிக்கும்போது மூன்று நிறப் பேனாக்களை எடுத்துக்கொண்டு, இம்மூன்றும் எந்தெந்தச் சொற்களில் இருக்கின்றன என்று அடிக்கோடிடுங்கள். ஒரு நிறம் விடுபட்டால் டிரஸ்ட் இல்லை. 1884-இல் தீர்ப்பான ஆடம்ஸ் வழக்கில், பிள்ளைகள் விஷயத்தில் மனைவி நியாயமாக நடந்துகொள்வார் என்ற முழு நம்பிக்கையுடன் சொத்தை அவருக்கு விடுவதாகக் கணவர் உயில் எழுதியிருந்தார். அது நம்பிக்கை, கட்டளையல்ல. சொத்து மனைவிக்கே முழுமையாகச் சேர்ந்தது.

சம்பிரதாயச் சொற்கள் தேவையில்லை என்பதைப் பால் எதிர் கான்ஸ்டன்ஸ் (1977) காட்டுகிறது. மனைவியைப் பிரிந்து பால் என்ற பெண்ணுடன் வாழ்ந்த கான்ஸ்டன்ஸ், விபத்து இழப்பீடாகக் கிடைத்த பணத்தைத் தம் பெயரில் வங்கியில் போட்டுவிட்டு, அது தம்முடையதைப் போலவே அவருடையதும் என்று பலமுறை சொல்லிவந்தார். அவர் உயில் எழுதாமல் இறந்தபின், சட்டப்படி மனைவியாக இருந்தவர் முழுவதையும் கேட்டார். கணக்கின் பாதி பாலுக்காக டிரஸ்டில் இருந்தது என்று தீர்ப்பானது. ஜோன்ஸ் எதிர் லாக் (1865) வழக்கிலோ, தந்தை 900 பவுண்டு காசோலையைக் கைக்குழந்தையின் கையில் வைத்து, இது குழந்தைக்கு என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் பூட்டினார். சில நாட்களில் இறந்தார். தானமும் முடியவில்லை, டிரஸ்டும் இல்லை; அவர் கொடுக்க நினைத்தாரே தவிர, குழந்தைக்காகத் தாம் வைத்திருப்பதாகச் சொல்லவில்லை. மில்ராய் எதிர் லார்ட் (1862) வகுத்த விதியும் இதுவே: முடியாத தானத்தை, டிரஸ்ட் என்று பெயர் மாற்றி நீதிமன்றம் முடித்துவைக்காது. டிரஸ்டை உருவாக்க நினைப்பவர் வேறொருவரை டிரஸ்டியாக்கினால், சொத்தை அவர் பெயருக்கு முறைப்படி மாற்றி முடிப்பதே கடைசி வேலையும் மிக முக்கியமான வேலையும் ஆகும். நிலமானால் எழுத்து வேண்டும். இந்தியாவில் 1882-ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்துக்கான டிரஸ்ட் உயில் வழியாக அல்லாமல் உருவானால் அந்த ஆவணம் பதிவும் செய்யப்பட வேண்டும்.

இந்த வேறுபாட்டுக்காக ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும் என்றால், எதிராளி திவாலாகும்போது எல்லாம் இதைப் பொறுத்தே அமைகிறது. ஒப்பந்தத்தால் பணம் வரவேண்டியவர் மற்ற கடன்காரர்களோடு வரிசையில் நிற்கிறார்; டிரஸ்டின் பயனாளி தம் சொத்தைத் தனியே எடுத்துக்கொள்கிறார். பார்க்லேஸ் பேங்க் எதிர் குவிஸ்ட்குளோஸ் (1968) வழக்கில், பங்காதாயம் கொடுப்பதற்காக மட்டும் என்று சொல்லி ஒரு நிறுவனத்துக்குக் கடன் தரப்பட்டது. பணம் தனிக் கணக்கில் இருந்தது. பங்காதாயம் கொடுக்குமுன் நிறுவனம் கலைக்கப்பட்டது. நோக்கம் நிறைவேறாததால் பணம் கடன் கொடுத்தவருக்காக டிரஸ்டில் இருக்கிறது என்று பிரபுக்கள் சபை சொன்னது. ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று பணம் கொடுப்பவர், அந்த நோக்கத்தை எழுத்தில் சொல்லி, தனிக் கணக்கு கேட்டு வாங்குவது பெரிய சிரமமல்ல.

டிரஸ்டியாக இருக்க ஒப்புக்கொள்ளுமுன் அதன் கனத்தையும் அறிந்துகொள்ளுங்கள். கீச் எதிர் சாண்ட்ஃபோர்டு (1726) வழக்கில், குழந்தைக்காக வைத்திருந்த சந்தைக் குத்தகையைக் குழந்தையின் பெயரில் புதுப்பிக்க உரிமையாளர் மறுத்தார். அதன் பிறகே டிரஸ்டி தமக்காக அதை எடுத்தார். மோசடி எதுவும் இல்லை. ஆனாலும் அது குழந்தைக்கே சேர வேண்டும் என்று தீர்ப்பானது.

எட்டாம் படி: கடமையைக் கெடுக்கும் காரணங்கள்

இதுவரை எல்லாம் பொருந்தினாலும், தரப்பினரின் வயது, மனநிலை, சம்மதத்தின் தூய்மை, நோக்கத்தின் சட்டபூர்வத் தன்மை ஆகியவற்றைச் சரிபாருங்கள். மைனர் செய்த ஒப்பந்தம் இந்தியாவில் அடியோடு செல்லாது என்று மோஹரி பீபி (1903) வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான தகவல் ஆகியவற்றால் பெற்ற சம்மதம் ஒப்பந்தத்தை உடனே அழிப்பதில்லை. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ரத்து செய்யலாம். உண்மை தெரிந்த பிறகும் பயனை அனுபவித்துக்கொண்டிருந்தால் அந்த உரிமை போய்விடக்கூடும். தாமதிக்காதீர்கள்.

ஒன்பதாம் படி: எதைக் கேட்கலாம், எதுவரை கேட்கலாம்

கடமை உண்டென்று முடிவானால் கிடைப்பது என்ன என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் வழக்கமான பரிகாரம் இழப்பீடு; ஒப்பந்தம் நிறைவேறியிருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பாரோ அந்த நிலைக்குப் பணத்தால் கொண்டுவருவதே அளவு. ஆனால் ஹேட்லி எதிர் பாக்ஸெண்டேல் (1854) தீர்ப்பின்படி, இயல்பாக விளையக்கூடிய நட்டமும் ஒப்பந்த வேளையிலேயே இரு தரப்பும் எதிர்பார்த்திருக்கக்கூடிய நட்டமும் மட்டுமே கிடைக்கும். அவ்வழக்கில் ஆலை இயந்திரத்தின் உடைந்த தண்டு ஒன்றைக் கொண்டுசெல்வதில் ஏற்பட்ட தாமதத்தால் ஆலையே நின்றது. மாற்றுத் தண்டு இல்லாமல் ஆலை நிற்கும் என்பதைச் சுமந்து சென்றவர்கள் அறிந்திருக்கக் காரணமில்லை என்று முடிவானதால் இலாப இழப்பு கிடைக்கவில்லை. உங்களுக்குச் சிறப்பான நட்டம் வரக்கூடுமென்றால் கையெழுத்திடும்போதே அதை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

காலவரம்பை இறுதியில் வைத்திருந்தாலும், நாட்காட்டியில் முதலில் குறிக்க வேண்டியது அதுதான். இங்கிலாந்தில் சாதாரண ஒப்பந்த மீறலுக்கு 6 ஆண்டுகள், பத்திரத்துக்கு 12 ஆண்டுகள். இந்தியாவில் ஒப்பந்த வழக்குகளுக்குப் பொதுவாக 3 ஆண்டுகள்தாம். அந்தக் காலம் முடியுமுன் கடன்பட்டவர் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டால், இந்தியக் காலவரம்புச் சட்டத்தின் (1963) 18-ஆம் பிரிவின்படி அன்றிலிருந்து புதிய காலம் தொடங்கும். முடிந்த பிறகு வெறும் ஒப்புதல் போதாது. ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, செலுத்துவதாகவே எழுதிக் கையெழுத்திட்ட புதிய வாக்குறுதி வேண்டும். குறிப்பிட்ட நோக்கத்துக்காகச் சொத்தை ஏற்ற டிரஸ்டியிடமிருந்து அதைத் திரும்பப் பெறும் வழக்குக்கு மட்டும் அதே காலவரம்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு காலத்தடையே வைக்கவில்லை.